இழுக்கிற வண்டி எல்லாம் இழுபடாது

அமெரிக்க நெடுஞ்சாலை வீடியோக்களில இதைப் பார்த்திருப்பீங்கள். முன்னால பஸ் அளவில ஒரு மோட்டர்ஹோம்: குசினி, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ள ஓடும் வீடு. அதுக்குப் பின்னால இரும்புச் சட்டத்தில கொளுவின ஒரு பிக்கப், எங்கட ஊரில சொல்ற 'கெப்'. அதின்ர நாலு சக்கரமும் றோட்டில உருளும். ஸ்டியரிங்கில ஆள் இல்லை.

இப்படி இழுக்கிறதுக்குக் காரணம் நியாயமானது. 10 மீற்றர் நீளமான வீட்டைக் கொண்டுபோய்க் கடை வாசலில நிப்பாட்ட ஏலாது. சாமான் வாங்க, மலைப்பாதையில போய்வர சின்ன வாகனம் வேணும். அதை ட்ரெயிலரில ஏத்தினால் ட்ரெயிலரின்ர பாரமும் சேரும், தங்குமிடத்தில அதுக்கும் இடம் தேடோணும். ஆகவே நேரடியாகக் கட்டி இழுக்கிறார்கள். இதில எங்களுக்கு மறுப்பில்லை. விக்கிறவர்கள் எதைப் பெரிசாச் சொல்லி எதை மெல்லமாச் சொல்லுறார்கள் எண்டதில்தான் மறுப்பு.

பிக்கப் விளம்பரங்களில 'எவ்வளவு பாரம் இழுக்கும்' எண்ட எண்தான் பெரிய எழுத்தில வரும். 'இதை இழுத்துக்கொண்டு போகலாமா' எண்ட கேள்விக்குப் பதில் வேணுமெண்டால் வாகனக் கைநூலைப் புரட்டோணும். ஏன் இது முக்கியம்? வழக்கமான ஓட்டோ கியர்பொக்ஸில எண்ணெயைச் சுத்தவிடுற பம்ப், எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எஞ்சின் நிண்டிருக்கச் சக்கரம் மட்டும் உருண்டால், உள்ளுக்குச் சுத்துற பாகங்கள் எண்ணெய் கிடைக்காமல் சூடாகித் தேயும். கியரை நியூட்ரலில போட்டாலும் இது நடக்கும்.

ஃபோர்ட் எஃப்-150ஐ எடுங்கோ. நாலு சக்கர இழுவை மொடலில ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனியா ஒரு நியூட்ரல் இருக்கு. அதில போட்டால் சக்கரங்களுக்கும் கியர்பொக்ஸுக்கும் இருக்கிற தொடர்பு அறும், கட்டி இழுக்கலாம். பின்சக்கர இழுவை மட்டும் உள்ள ஓட்டோ மொடலை நாலு சக்கரமும் உருள இழுக்கக் கூடாது. பேர் ஒண்டு, தோற்றமும் கிட்டத்தட்ட ஒண்டு. தெரியாமல் மாறி வாங்கினவருக்கு கியர்பொக்ஸ் போகும்.

கியர்பொக்ஸ் போனால் நட்டம் உரிமையாளருக்கு. பிரேக் போதாமல் போனால் நட்டம் றோட்டில போற எல்லாருக்கும். இப்படியான பிக்கப் ஒண்டு 2,000 கிலோவுக்கு மேல வரும். பல பெட்ரோல் மோட்டர்ஹோம்களின்ர கொளுவிக்கு எல்லையே 5,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 2,270 கிலோ. மோட்டர்ஹோமின்ர பிரேக்கும் தன்ர பாரத்துக்கெண்டு செய்ததுதான். பின்னால வாறதின்ர பிரேக்கை மிதிக்க ஒரு கருவி இருக்கு. கொளுவி கழண்டால் தானாகப் பிரேக் பிடிக்கிற சுவிட்சும் இருக்கு. ஆனால் இது எந்தப் பாரத்துக்கு மேல கட்டாயம் எண்டது மாநிலத்துக்கு மாநிலம் வேற. எல்லைக் கோட்டைத் தாண்டினதும் பாரம் குறையுதா என்ன?

எங்கட நிலைப்பாடு இதுதான்: இழுபடுமா இல்லையா எண்டதை, இழுக்கிற பாரத்துக்குப் பக்கத்தில, அதே அளவு எழுத்தில போடோணும். பின்வண்டிக்குப் பிரேக் எல்லா மாநிலத்திலயும் கட்டாயமாகோணும். விடுமுறை அவரவருடையது, றோட்டு எல்லாருடையதும்.

இதில எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. இங்க மோட்டர்ஹோம் இல்லை, ஆனால் வழியில நிண்ட வாகனத்தைக் கயிறு கட்டி இழுக்கிற வழக்கம் இருக்கு. பின்வண்டியில ஒருவர் இருந்து ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் பார்ப்பார். கியர்பொக்ஸை அவராலயும் காப்பாத்த ஏலாது. இப்ப எங்கட றோட்டில ஓடுற ப்ரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களை முன்சக்கரம் நிலத்தில உருள இழுக்கவே கூடாது. கயிறைத் தேட முதல் கைநூலைத் திறவுங்கோ. கைநூல் ஜப்பான் மொழியில இருந்தால், தெரிஞ்ச மெக்கானிக்குக்கு ஒரு கோல் எடுங்கோ.