மிக்சிக்கு இருக்கும் நேர்மை லேப்டாப்புக்கு ஏன் இல்லை?

மிக்சி வாங்கப் போகும் அம்மாக்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வியே "எத்தனை வாட்?" என்பதுதான். 500 வாட் என்றால் சட்னி, பொடிக்குச் சரி, மாவரைத்தால் மோட்டார் வாடை வரும். 750 வாட் என்றால் விலை கொஞ்சம் கூட, ஆனால் தாங்கும். இந்த எண் அட்டைப்பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் அச்சாகி இருக்கிறது. 3,000 ரூபாய் சாமானுக்கு இவ்வளவு வெளிப்படை. 80,000 ரூபாய் கொடுத்து வாங்கும் லேப்டாப்புக்கு? மூலையில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். அவ்வளவுதான்.

பொறியியல் கல்லூரி ஹாஸ்டல் எதில் எட்டிப் பார்த்தாலும் இந்தக் காட்சி கிடைக்கும். மாமா கடனட்டையில் பன்னிரண்டு தவணை போட்டு வாங்கிக் கொடுத்த புது லேப்டாப். கேம் திணறுகிறது. அது போகட்டும், ப்ராஜெக்டுக்காகத் திறந்த முப்பரிமாண மாடலும் நகர மாட்டேன் என்கிறது. பக்கத்து ரூம் நண்பனிடம் அதே கிராபிக்ஸ் கார்டு, அதே பெயர், அதே எண். அவனுடையது பறக்கிறது. உடனே அறிவுரை மழை. "டிரைவர் அப்டேட் பண்ணு மச்சி." "விண்டோஸை ஃபார்மட் போடு." சர்வீஸ் சென்டரில் கேட்டால், "அதெல்லாம் நார்மல்தான் தம்பி." இதற்குள் மாற்றித் தருவதாகச் சொன்ன நாட்கள் கடந்துவிடும். கடைசியில் வீட்டில் பையனுக்குக் கிடைக்கும் பட்டம், "பார்த்து வாங்கத் தெரியாதவன்."

அறிவுரைகள் எல்லாமே தப்பு என்று சொல்ல முடியாது. சார்ஜரைச் செருகாமல் பேட்டரியில் ஓட்டினால் எந்த கேமிங் லேப்டாப்பும் பாதி உயிரோடுதான் ஓடும். டிரைவரே ஏறாமல் டிவைஸ் மேனேஜரில் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று காட்டினால் முதலில் அதைச் சரி செய்யத்தான் வேண்டும். இரண்டு கிராபிக்ஸ் இருக்கும் லேப்டாப்புகளில் (என்விடியா 2010-ல் ஆப்டிமஸ் என்று கொண்டு வந்த ஏற்பாடு) மென்பொருள் தவறிப்போய் ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸிலேயே ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் என்று போய் அந்த மென்பொருளுக்கு "ஹை பெர்ஃபார்மன்ஸ்" கொடுத்தால் தீர்ந்தது. இவை எல்லாம் அரை மணி நேர வேலை. இதையெல்லாம் செய்த பிறகும் திணறுகிறதே, அதுதான் விஷயம். அங்கே கோளாறு பையனிடம் இல்லை. பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியைக் கட்டியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

முதல் உதாரணம் ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டிடிஆர்4 3200 ரேம் ஒரே குச்சியாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி போக்குவரத்து. இரண்டு குச்சியாக இருந்தால் 51.2. அதாவது 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டுக் கொடுத்தால் கிராபிக்ஸுக்குப் போகும் ரோடு பாதியாகிவிடும்! இதில் வேடிக்கை என்னவென்றால், இன்டெல் 2020-ல் விட்ட 11-ம் தலைமுறை ஐ5, ஐ7 ப்ராசஸர்களில் ஒரே குச்சி ரேம் இருந்தால், உள்ளே இருக்கும் "ஐரிஸ் எக்ஸ்இ" தன் பெயரையே மாற்றிக்கொண்டு வெறும் "யுஎச்டி கிராபிக்ஸ்" என்று காட்டும். சிப்புக்கே வெட்கம் வந்து பெயரை மாற்றிக்கொள்கிறது, விற்றவருக்கு வரவில்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு குச்சி வாங்கிச் செருகலாம். போர்டிலேயே ஒட்ட வைத்து, காலி ஸ்லாட்டும் இல்லாத மாடல் என்றால் வாங்கியவர் பாடு அவ்வளவுதான்.

ஆனால் உண்மையான கண்கட்டு வித்தை தனி கிராபிக்ஸ் கார்டில்தான் நடக்கிறது. 2018-ல் வெளியான சங்கதி ஒன்று. என்விடியாவின் எம்எக்ஸ்150 என்ற ஒரே பெயரில் இரண்டு சிப்புகள் லேப்டாப்புகளுக்குள் போய்க்கொண்டிருந்தன. ஒன்று 25 வாட், அடிப்படை வேகம் 1468 மெகாஹெர்ட்ஸ். இன்னொன்று 10 வாட், 937 மெகாஹெர்ட்ஸ். ஸ்டிக்கரில் வித்தியாசம் பூஜ்யம். கண்டுபிடித்துச் சொன்னது கம்பெனி அல்ல, லேப்டாப்புகளைச் சோதித்துப் பார்ப்பவர்கள். 1500 சிசி கார் என்று சொல்லி 900 சிசி எஞ்சினைக் கொடுத்தால் ஷோரூம் கண்ணாடி மிஞ்சுமா?

அதற்கு முன்பாவது ஒரு சின்ன மரியாதை இருந்தது. 2017-லிருந்து குறைந்த வாட்டில் ஓடும் கார்டுகளுக்கு "மேக்ஸ்-க்யூ" என்று ஒரு வால் ஒட்டியிருப்பார்கள். வாலைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் உஷாராகிவிடுவார்கள். 2021-ல் 30 வரிசை வந்தபோது அந்த வாலையும் நறுக்கியாயிற்று. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 3060 என்பது 60 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம். கத்தல் கிளம்பிய பிறகு, லேப்டாப் கம்பெனிகள் தங்கள் இணையப் பக்கத்தில் வாட் விவரத்தைப் போட வேண்டும் என்று என்விடியா சொன்னது. போட்டார்கள், பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். கடை அலமாரிக்கு அது வந்து சேரவில்லை. 2023-ல் வந்த லேப்டாப் 4060-க்கு எல்லை இன்னும் விரிந்தது, 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மூன்று மடங்குக்கும் மேல்! இத்தனைக்கும் பெயர் ஒன்றுதான்.

உச்சியில் இருப்பவர்களும் தப்பவில்லை. மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090-ல் 16,384 கோர்கள், 24 ஜிபி நினைவகம். லேப்டாப் 4090-ல் 9,728 கோர்கள், 16 ஜிபி. சிப்பே வேறு. பின்னால் "லேப்டாப் ஜிபியு" என்று இரண்டு வார்த்தை உண்டே என்பார்கள். விளம்பரத்தில் அந்த இரண்டு வார்த்தை எந்த அளவு எழுத்தில் வருகிறது என்று பார்த்தால் போதும்.

கம்பெனிகள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒன்றரை கிலோ ஒல்லி லேப்டாப்பில் 115 வாட் சூட்டை வெளியே தள்ள முடியாது. வாட்டைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். முதுகு ஒடியாமல் சுமந்துபோக வேண்டியவருக்கு அதுவே சரியான தேர்வாகவும் இருக்கலாம். வாட் மட்டுமே வேகத்தைத் தீர்மானிப்பதில்லை, கூடக்கூடப் பலன் அதே விகிதத்தில் கூடுவதும் இல்லை என்பதும் உண்மை. சரி, குறைக்கட்டும். யார் வேண்டாம் என்றது? குறைத்ததைப் பெட்டியின் மேல் எழுதுவதில் என்ன கஷ்டம்? ஏ.சி.யில் நட்சத்திர லேபிள் ஒட்டுகிறார்கள். 9 வாட் எல்ஈடி பல்பில் 9 வாட் என்று எழுதியிருக்கிறது. எழுதினால் அடுத்தடுத்து வைத்திருக்கும் இரண்டு லேப்டாப்பை வாங்க வருபவர் ஒப்பிட்டு விடுவார், 35 வாட்காரன் விலையைக் குறைக்க வேண்டிவரும். கஷ்டம் அதுதான்.

"நெட்டில் தேடிப் பார்த்து வாங்கியிருக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். சொல்பவர்கள் பெரும்பாலும் கணினிக்காரர்கள். தவணை கட்டப்போகும் மாமா அப்படி இல்லை. ரிச்சி தெருவில் கடை கடையாய் ஏறி இறங்கி, ஸ்டிக்கரில் 60-ஐ விட 70 பெரியது என்று எண்ணிப் பார்த்துத்தான் அவர் வாங்குகிறார். எண்ணைப் பார்த்து வாங்கச் சொல்லிக்கொடுத்ததே கம்பெனிதானே?

வாங்கி ஏமாந்தவர்களுக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று பெரும்பாலும் காட்டும். கடையிலேயே, பில் போடுவதற்கு முன்பு, டெமோவுக்கு ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். கடைப்பையன் முழிப்பான். மேனேஜரைக் கூப்பிடுவான். அவரும் முழிப்பார். அந்த முழியைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.