பண்டிகை இரவில் போட்டி எங்கே போகிறது?

"தனியார் பஸ் நிறைய ஓடட்டும், போட்டி வந்தால் டிக்கெட் விலை தானாக இறங்கும்." இதை டீக்கடையிலும் கேட்கிறோம், தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவரின் பையைக் காலி செய்வது இந்த நம்பிக்கைதான் என்பேன்.

மாமல்லபுரத்தில் வேலை செய்யும் ஒருவர் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும் என்று வையுங்கள். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குப் போக வேண்டும். ஆம்னி பஸ் எனப்படும் தனியார் நெடுந்தூரப் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்யும் செயலியைத் திறந்தால் போரூர், கிளாம்பாக்கம், செங்கல்பட்டு என்று ஏறும் இடங்கள் வரிசையாக நிற்கும். எதைத் தொட்டாலும் பெரும்பாலும் ஒரே கட்டணம். முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஏறுகிறவரும் முழுக் காசு கட்டுகிறார். உண்மையான போட்டி இருந்தால் இந்தத் தூரத்தையாவது ஒரு நிறுவனம் கழித்துக் கொடுத்திருக்காதா?

சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு இதே பஸ்ஸில் மலிவாகப் போகலாம், ஒப்புக்கொள்கிறேன். அந்த விலையைப் பிடித்து வைத்திருப்பது, பக்கத்திலேயே நிலையான கட்டணத்தில் நிற்கும் அரசு விரைவுப் பேருந்தும் ரயிலும்தான். அவற்றில் இடம் தீர்ந்த மறுகணம் ஆம்னி கட்டணம் ஏறத் தொடங்குகிறது. ஓடும் நிறுவனங்கள் அதே நிறுவனங்கள்தான், எண்ணிக்கை குறையவில்லை. காணாமல் போனது அரசு பஸ் சீட்டு மட்டுமே.

எல்லாரும் ஒரே இரவில், ஒரே திசையில் கிளம்புகிறார்கள். ஓர் இரவுக்காக யாரும் புது பஸ் வாங்க மாட்டார்கள். அடுத்தவர் என்ன விலை போட்டிருக்கிறார் என்பது எல்லார் கைப்பேசியிலும் தெரிகிறது. குறைத்து விற்க யாருக்கும் தேவையில்லை. 2022இல் ஆயுத பூஜை நெருங்கிய நேரத்தில் கட்டணப் பட்டியலை அறிவித்ததே ஆம்னி பஸ் உரிமையாளர் சங்கம்தான். போட்டியாளர்கள் கூடி உட்கார்ந்து விலை சொன்னால் அதை எப்படிப் போட்டி என்று அழைப்பது? அதிகாரிகள் "கூடுதல் கட்டணம் வாங்கினால் நடவடிக்கை" என்கிறார்கள். அரசு ஒரு கட்டணம் நிர்ணயிக்காதபோது எதற்கு மேல் கூடுதல்?

"ஆம்னி பஸ் காண்ட்ராக்ட் கேரேஜ், அதாவது ஒப்பந்த வாடகை வண்டி; அரசால் விலை வைக்க முடியாது" என்று ஒரு சாக்கு சொல்வார்கள். 1989இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம்தான் பர்மிட்டுகளைத் தாராளமாக்கியது. அதே சட்டத்தின் 67ஆம் பிரிவு, காண்ட்ராக்ட் கேரேஜ் வண்டிகளுக்கும் குறைந்தபட்ச, அதிகபட்சக் கட்டணம் குறிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆட்டோவும் காண்ட்ராக்ட் கேரேஜ்தான். 2013இல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு ஆட்டோவுக்கு நிர்ணயித்தது. ஆட்டோக்காரரிடம் காட்டிய அதிகாரத்தைக் குளிர்சாதன ஸ்லீப்பர் பஸ் முதலாளியிடம் காட்டத் தயங்குவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

உரிமையாளர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. பண்டிகைக்கு முந்தைய நாள் தெற்கே நிரம்பிப் போகும் வண்டி காலியாகத் திரும்புகிறது. டீசலும் சுங்கமும் வரியும் குறைவதில்லை. அந்தக் காலி ஓட்டத்தையும் கணக்கில் சேர்த்தே உச்சவரம்பு வையுங்கள், யார் வேண்டாம் என்றது?

போட்டி நிலைக்குமா என்பதற்கு ஜெர்மனியைப் பாருங்கள். அந்த நாடு 2013 ஜனவரியில் நெடுந்தூர பஸ் சந்தையைத் திறந்துவிட்டது. முதலில் டிக்கெட் விலை தரைக்கு வந்தது. 2015இல் ஃபிளிக்ஸ்பஸ் என்ற பஸ் நிறுவனம் தன் பெரிய போட்டியாளருடன் இணைந்தது. 2016இல் அஞ்சல் நிறுவனத்தின் பஸ் சேவையையும் வாங்கியது. சில வருடங்களில் சந்தையின் பெரும்பகுதி ஒரே கையில். அந்த நிறுவனம் 2024இல் இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. தள்ளுபடி விலையைப் பார்த்து மகிழ்கிறவர்கள், தள்ளுபடி தருகிறவர்கள் குறைந்தபின் நடப்பதையும் யோசிக்க வேண்டும்.

வரும் தீபாவளிக்கு முன்பே அரசாணை வர வேண்டும்: கிலோமீட்டர் கணக்கில் உச்சவரம்பு, ஏறும் இடத்திலிருந்து கட்டணம், செயலியிலேயே அந்த வரம்பு தெரிய வேண்டும். கூடவே, 2018 ஜனவரி உயர்வுக்குப் பிறகு பல ஆண்டுகள் கட்டணம் கூட்டாமல் ஓடிய அரசு விரைவுப் பேருந்துகளை அதிகமாக்க வேண்டும். பண்டிகை இரவில் அவற்றில் சில, கிளாம்பாக்கத்துக்குப் பதிலாக மாமல்லபுரத்திலிருந்தே கிளம்பட்டும்.