பேருந்து கடந்து செல்லும் வரை

இதய அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புவோரிடம் மருத்துவர்கள் தவறாமல் கூறும் அறிவுரை ஒன்று உண்டு: நாள்தோறும் நடங்கள், உடல் இடம் கொடுத்தால் மிதிவண்டி ஓட்டுங்கள். எங்கே நடப்பது, எங்கே ஓட்டுவது என்று எவரும் சொல்வதில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. மருந்துச் சீட்டிலேயே இடம்பெற வேண்டிய வினா இது என்பது எங்கள் கருத்து. அதற்குக் காரணம் கூற, வாசகர்களை வெகு தொலைவிலுள்ள ஒரு பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் கணவனும் மனைவியும். எங்களுள் ஒருவருக்கு பைபாஸ் அறுவை நடந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன. மற்றவர் அந்த 14 மாதங்களும், உறங்குபவரின் மூச்சை இருட்டில் கவனித்துப் பழகியவர். யார் நோயாளி, யார் துணையிருப்பவர் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. இவ்விதழ் சென்று சேரும் வீடுகளில் இரு வகையினரும் இருப்பார்கள்.

மார்பெலும்பு கூடி, மருத்துவர் அனுமதி தந்த பின், இயன்முறை சிகிச்சைக் கூடத்தின் நிலைமிதிவண்டியில் 20 நிமிடங்கள் தடையின்றி ஓட்ட முடிந்தது. வீதிக்கு வந்தபோதுதான் தொல்லை. முதல் நாளே, பின்னால் வந்த லாரியின் ஒலிப்பான் அலற, நெஞ்சு படபடத்தது. அச்சத்தால் துடிக்கும் இதயத்தையும் நோயால் துடிக்கும் இதயத்தையும் வேறுபடுத்தி அறிய எங்களுக்குத் தெரியவில்லை. மிதிவண்டி மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

சென்ற அக்டோபரில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வாழும் மகளிடம் சென்றிருந்தோம். அங்கே தெற்கில் இருக்கிறது சயான் தேசியப் பூங்கா. வர்ஜின் ஆறு மணற்பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு அது. இருபுறமும் 600 மீட்டருக்கும் மேலாகச் செந்நிறச் சுவர்கள் எழுந்து நிற்க, அடியில் ஆறும், ஆற்றோரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்த காட்டன்வுட் மரங்களும், அவற்றினூடே ஒரு தார்ச்சாலையும். ஒரு காலத்தில் கார்கள் நிற்க இடமின்றி அச்சாலை திணறியது. 2000ஆம் ஆண்டு முதல், பூங்காவின் பேருந்துகள் ஓடும் காலமெல்லாம் பள்ளத்தாக்குச் சாலையில் பார்வையாளர்களின் தனி வாகனங்களுக்கு இடமில்லை. பேருந்து, மிதிவண்டி, கால்நடை, இவ்வளவே.

வாயிலருகே உள்ள ஸ்பிரிங்டேல் ஊரில், மிதித்தால் மட்டும் மின்விசை துணை செய்யும் வண்டிகள் இரண்டை வாடகைக்கு எடுத்தோம். மோட்டார் துணையோடு ஓட்டுவது ஏமாற்று வேலை என்று கருதுவோர் உண்டு. எங்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. தொடக்கத்தில் பாரூஸ் என்னும் பாதை, ஏறக்குறைய 2.7 கி.மீ. நீளத்துக்கு ஆற்றை ஒட்டிச் செல்கிறது. பேருந்தும் நுழையாத அப்பாதையில் சக்கர நாற்காலிகளும் செல்கின்றன. அதன்பின் 10 கி.மீ. அளவுக்குச் சாலை. அதன் முடிவு 'சினவாவா கோயில்' என்ற இடம். பெயர்தான் கோயில், உண்மையில் பாறைகள் வளைத்து நிற்கும் ஒரு முற்றம். 1995இல் மலை சரிந்து ஆற்றை மறித்து, ஆறு சாலையையே அரித்துச் சென்ற பகுதியும் இவ்வழியில் உண்டு.

எங்களைப் பெரிதும் கவர்ந்தது காட்சி அன்று, ஒரு விதி. ஓடிக்கொண்டிருக்கும் மிதிவண்டியைப் பேருந்து முந்துவதில்லை. பின்னால் பேருந்து வந்தால் மிதிவண்டிக்காரர் ஓரமாக ஒதுங்கி, நின்று, அதற்கு வழிவிட வேண்டும். போக்குவரத்துக்காக ஏற்பட்ட விதிதான். ஆனால் நோயாளிக்கு அது வேறொன்றாகவும் பயன்பட்டது. உடல் தேறி வருபவர் எவரும், "சற்று நிற்கலாமா?" என்று கேட்க விரும்புவதில்லை. கேட்டால் துணைவர் முகம் மாறும், நாடி பார்க்கப்படும். இங்கே கேட்க வேண்டியதே இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பேருந்து வருகிறது; இருபது வயது இளைஞனும் நிற்கிறான், நாங்களும் நிற்கிறோம். ஓட்டுநர் கையசைத்துப் போகிறார். ஒலிப்பான் இல்லை.

எல்லாம் இனிதாகவே நடந்தது என்று எழுதினால் பொய்யாகும். ஏறக்குறைய பாதி வழியில் உள்ள விடுதியை அடைந்ததும் எங்களுக்குள் பூசல் வந்தது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை உட்கொள்வோருக்கு நாடிக்கணக்கு சரியான அளவுகோல் ஆகாது என்றும், பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள் என்றும் எங்கள் மருத்துவர் கூறியிருந்தார். கடைசி ஏற்றத்தில் வாக்கியங்கள் துண்டுபட்டதைத் துணைவர் கவனித்திருந்தார். வண்டிகளைப் பேருந்தின் முன்புறத் தாங்கியில் ஏற்றித் திரும்பிவிடலாம் என்றார். "14 மாதங்களாக நீங்கள் நிற்கச் சொன்ன இடத்திலெல்லாம் நின்றுவிட்டேன்" என்று பதில் வந்தது. புல்வெளியில் நிற்கும் பெரிய மரத்தடியில் அமர்ந்து, தண்ணீர் குடித்து, நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

பின்னர் நோயாளியே சொன்னார்: "நான் இங்கேயே இருக்கிறேன். நீங்கள் போய்க் கடைசி வரை பார்த்துவிட்டு வாருங்கள்." துணைவர் முதலில் மறுத்தார். மாத்திரை சட்டைப்பையில் இருக்கிறதா என்று இருமுறை கேட்டார். மரத்தடியைச் சுற்றி மனிதர்கள் இருந்தனர். விடுதி பத்தடியில் இருந்தது. சீறி வரும் வண்டி எதுவும் இல்லை. பேருந்தில் ஏறிப் போனார். 14 மாதங்களில் முதன்முறையாக, ஒரு மணி நேரத்துக்கும் மேல், நாங்கள் ஒருவரையொருவர் பாராமல் இருந்தோம். இருவருக்குமே அது தேவையாக இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இதற்கெல்லாம் அமெரிக்கா போக வேண்டுமா என்று கேட்கலாம். செம்பாறைச் சுவர்கள் தேவையில்லை. வாகனமற்ற சாலைதான் தேவை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை மோட்டார் வாகனங்கள் செல்வதில்லை. அங்கே மாலையில் நடக்கும் முதியவர்களின் முகங்களைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்வது விளங்கும். ஊருக்கு ஒன்றாக, நாளுக்கு இரண்டு மணி நேரமாவது அப்படி ஒரு சாலை வேண்டும் என்று நகராட்சியிடம் கேட்கும் உரிமை நோயாளிகளுக்கு உண்டு. வீடு அனுப்பும் நாளில், "உங்கள் வீட்டருகே நடக்க இடம் இருக்கிறதா?" என்று மருத்துவமனையும் கேட்கலாம். மறுமுறை பரிசோதனைக்குச் செல்லும்போது இதை எழுதியே கொடுக்க எண்ணியிருக்கிறோம்.

ஓட்ட விரும்பும் வாசகர்கள் முதலில் தம் மருத்துவரைக் கேட்கட்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் தலைக்கவசமின்றி ஏறவே வேண்டாம். சிறு விழுகையும் பெரிதாகலாம். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை வண்டிப் பையில் இருந்து பயனில்லை. உடம்போடு இருக்க வேண்டும்.

திரும்பும் வழி இறக்கம். வாக்கியங்கள் துண்டுபடவில்லை. அறையில் கைக்குழந்தையோடு காத்திருந்த மகள், "கடைசி வரை போனீர்களா?" என்று கேட்டாள். ஒருவர் ஆம் என்றோம், ஒருவர் இல்லை என்றோம்.