சைப்பிரசைப் பாருங்கோ எண்டு சொல்லுறவைக்கு

ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் கன்ரீனில தோசைக்கு நிக்கேக்கையும் எங்கட ஆக்களுக்கு அரசியல்தான். அடிக்கடி வாற பேர் சைப்பிரஸ். "ஒரு தீவு, ரண்டு இனம், பிரிஞ்சுதானே இருக்கினம்?" எண்டு கேப்பினம்.

சரி, பாப்பம். 1974இல துருக்கிப் படை வந்து இறங்கித்தான் அந்தத் தீவு பிரிஞ்சது. 1983இல வடக்கு தனிநாடு எண்டு அறிவிச்சது. இண்டைக்கும் அதை அங்கீகரிச்ச ஒரே நாடு துருக்கி. எங்களுக்கு எந்தத் துருக்கி இருக்கு? 1987இல வந்திறங்கின படையைப் பற்றி நான் சொல்லவேண்டாம்.

சைப்பிரசில பாக்கவேண்டியது 1974 இல்லை, 1960. அந்த வருச யாப்பு துருக்கியருக்கு உப ஜனாதிபதிப் பதவியும் பாராளுமன்றத்தில 30 வீத இடமும் குடுத்தது. 1963 நவம்பரில மக்காரியோஸ் அதில 13 திருத்தம் கேட்டார். டிசம்பரில ரத்தம். எங்கட சோல்பரி யாப்பின்ர 29ஆம் பிரிவு ஞாபகம் வருதோ? 1956இல தனிச் சிங்களத்தை அது தடுக்கேல்லை. 1972இல அந்தப் பிரிவையே காணேல்லை. பெரும்பான்மை விரும்பினாத் தூக்கலாம் எண்டால் அதுக்குப் பேர் பாதுகாப்போ?

இதை விட்டிட்டு "ஆர் முதல் வந்தது" எண்டு அடிபடுகினம். கிரோகிட்டியாவில 9000 வருசத்துக்கு முந்தி வட்ட வீடு கட்டினவன் கிரேக்கனும் இல்லை, துருக்கியனும் இல்லை. பலாங்கொடை மனிசன் என்ன பாசை கதைச்சவன்? ஆனைக்கோட்டை முத்திரையில எனக்கும் பெருமைதான். ஆனா 1983இல கொழும்பில வீடு எரிக்க வந்தவன் வாக்காளர் பட்டியலோடதான் வந்தவன், வரலாற்றுப் புத்தகத்தோட இல்லை.