எண்ணுவோருக்கும் பயிற்சி வேண்டும்

தேர்தல் என்றவுடன் வாக்காளர்களின் நீண்ட வரிசையும் விரலில் இடப்படும் மையுமே நம் நினைவுக்கு வருகின்றன. வாக்குகளை எண்ணுவோரை நாம் நினைப்பதில்லை. வாக்களிக்கும் முறை பள்ளிகளிலும் தொலைக்காட்சியிலும் பலமுறை விளக்கப்படுகிறது. எண்ணும் முறையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. வாக்குப்பதிவுக்குச் செல்லும் ஊழியர்களைப் பழக்குவதில் காட்டப்படும் அக்கறை, எண்ணும் ஊழியர்களைப் பழக்குவதிலும் காட்டப்பட வேண்டும் என்பது என் கருத்து. அப்பயிற்சியிலும் எந்திரத்தைவிட அஞ்சல் வாக்குகளுக்கே மிகுதியான நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.

நாம் வாழும் திருவனந்தபுரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் கேரளம் ஏப்ரல் 26 அன்று வாக்களித்தது. வாக்குகள் ஜூன் 4 அன்று எண்ணப்பட்டன. திருவனந்தபுரம், ஆற்றிங்கல் ஆகிய இரு தொகுதிகளுக்கும் நாலாஞ்சிராவிலுள்ள மார் இவானியோஸ் வித்யாநகரே எண்ணும் மையம். திருவனந்தபுரத்தில் சசி தரூர் 16,077 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். ஆற்றிங்கலில் அடூர் பிரகாஷ் வென்றதோ 684 வாக்குகள் வேறுபாட்டில். முதல் மூன்று வேட்பாளர்களும் தலா மூன்று லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பெற்ற தொகுதி அது. ஒரே வாக்குச்சாவடியில் பதிவாகக்கூடிய வாக்குகளின் அளவுதான் 684. அத்தகைய நாளில் ஒரு மேசையில் நேரும் சிறு பிழையும் சிறியதன்று.

அந்த மேசையில் அமர்வோர் யார்? ஒரு மேற்பார்வையாளர், ஓர் உதவியாளர், அவர்களோடு நுண்பார்வையாளர் ஒருவர். நுண்பார்வையாளர் மத்திய அரசு அல்லது பொதுத்துறை நிறுவன ஊழியராக இருப்பார். எவர் எந்த மேசைக்குச் செல்வார் என்பது எண்ணிக்கை நாளன்று விடியற்காலையில்தான் கணினிக் குலுக்கல் வழியே முடிவாகும். எனவே முன்கூட்டியே ஒரு வேலையை மட்டும் பழகிக்கொள்ள இயலாது. அனைவரும் அனைத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

எந்திரம்தானே எண்ணுகிறது, மனிதருக்கு என்ன பயிற்சி என்று சிலர் கேட்பர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் இந்தியத் தேர்தலில் முதன்முதலாகப் பயன்பட்டது நம் கேரளத்தின் பரவூரில்தான், ஆண்டு 1982. அன்றிலிருந்து இன்றுவரை எந்திரம் செய்வது கூட்டல் மட்டுமே. கட்டுப்பாட்டுக் கருவியின் முத்திரைகள் குலையாமல் உள்ளனவா, அதன் எண் ஆவணத்தோடு ஒத்துள்ளதா எனப் பார்ப்பவர் மனிதர். முடிவுக்கான பொத்தானை அழுத்தி, கம்பி வலைக்கு அப்பால் அமர்ந்துள்ள முகவர்களுக்குத் திரையைக் காட்டுபவரும் மனிதரே. வாக்குச்சாவடியில் பதிவான மொத்தம், படிவம் 17சி-யின் முதற்பகுதியில் இருக்கும். எந்திரம் காட்டும் தொகை அதனோடு பொருந்தினால் இரண்டாம் பகுதியை நிரப்ப வேண்டும். பொருந்தவில்லையெனில் தாமே முடிவெடுக்காமல் தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். மாதிரி வாக்குப்பதிவின் வாக்குகளை அழிக்க மறந்ததால்கூடத் தொகை மாறியிருக்கலாம்.

எண்களை இடம் மாற்றி எழுதுவது மிகவும் எளிதாக நேரும் பிழை. 427 என்பதை 472 என்று எழுதினால் வேறுபாடு 45. இவ்வாறு இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் கிடைக்கும் வேறுபாடு எப்போதும் ஒன்பதால் வகுபடும். கணக்கர்கள் நெடுங்காலமாகக் கையாளும் சோதனை இது. மாணவர்களே, இதை நீங்களே செய்து பார்க்கலாம்.

நான் பங்கேற்ற ஒரு பயிற்சி வகுப்பில் அரங்கு நிறைய ஆட்கள் இருந்தனர். கருவி ஒன்றே இருந்தது. முன்வரிசையினர் தொட்டுப் பார்த்தனர். ஏனையோர் திரைப்படக் காட்சிபோல் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டுத் திரும்பினோம். அஞ்சல் வாக்குக்குக் கடைசிப் பத்து நிமிடங்கள் கிடைத்தன. நீச்சலைக் கரையிலிருந்து கற்பிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

உண்மையில் ஐயங்கள் மிகுதியாக எழுவது அஞ்சல் வாக்கில்தான். அதன் வெளியுறைக்குள் உறுதிமொழிப் படிவமும், வாக்குச்சீட்டு அடங்கிய உள்ளுறையும் இருக்கும். உறுதிமொழியில் கையொப்பம் இல்லையென்றாலும், உரிய அலுவலரின் சான்றொப்பம் இல்லையென்றாலும், அதிலுள்ள எண்ணும் உள்ளுறையில் உள்ள எண்ணும் வேறுபட்டாலும் உள்ளுறையைத் திறக்கவே கூடாது. இவற்றை எந்திரம் தீர்மானிக்காது. மேசையில் இருப்போரின் கண்ணும் அறிவுமே தீர்மானிக்கும்.

தமிழ்நாட்டின் இராதாபுரம் இதற்குத் தக்க சான்று. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கு இன்பதுரை 49 வாக்குகள் வேறுபாட்டில் அப்பாவுவை வென்றதாக அறிவிக்கப்பட்டது. தள்ளப்பட்ட அஞ்சல் வாக்குகளில் 203 பின்னர் வழக்கின் மையமாயின. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் இட்ட சான்றொப்பம் செல்லுமா, செல்லாதா என்பதே கேள்வி. சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கைக்கு ஆணையிட்டது. அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. ஆசிரியர் ஒருவரின் கையொப்பத்தைப் பற்றிய ஐயம் ஒரு தொகுதியை ஐந்தாண்டுகள் தொடர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். சட்டத்தின் நுட்பத்தை நீதிமன்றமே முடிவு செய்யும் என்பது உண்மை. ஆயினும் எவரெவர் சான்றொப்பமிடலாம் என்ற பட்டியலை மனத்தில் பதியவைத்து, மாதிரி உறைகளைக் கொண்டு பழக்கினால் இத்தகைய ஐயங்கள் பெரிதும் குறையும்.

நம் முன்னோர் இதில் கவனமாக இருந்தனர். குடவோலை முறை வாக்கெடுப்பன்று, குலுக்கல்தான். எனினும் முதற்பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்று விதிக்கிறது. அவர் படித்தபின் அங்குள்ள மற்றவர்களும் அதைப் படிக்க வேண்டும். கையில் வேறோர் ஓலை மறைந்திருக்கலாகாது. ஒருவர் வாசிப்பை மட்டும் நம்பலாகாது. இன்று முகவர்களுக்குத் திரையைக் காட்டுவதும் இந்த நோக்கத்தோடுதான்.

விரைவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு அஞ்சல் வாக்குகளை எண்ணத் தொடங்கிய உடனே தொலைக்காட்சிகள் முன்னிலையைக் கேட்கின்றன. ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளைக் கையால் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2019இல் ஆணையிட்டது. சிறிய தாளை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி எண்ணும்போது பொறுமையே வேண்டும். வேகமாக முடித்த மேசையைப் பாராட்டும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

பயிற்சியை எப்படி நடத்தலாம்? பத்துப் பேருக்கு ஒரு மேசை, ஒரு கருவி, இருபது மாதிரி உறைகள் போதும். சில உறைகளில் கையொப்பம் விடுபட்டிருக்கட்டும். சிலவற்றில் எண் மாறியிருக்கட்டும். ஒரு சீட்டில் இரண்டு பெயர்களுக்கு எதிரே குறி இருக்கட்டும். ஏற்கலாமா, தள்ளலாமா என்பதை ஒவ்வொருவரும் காரணத்துடன் எழுதித் தரவேண்டும். நம் பள்ளி மாணவர் மன்றத் தேர்தலிலும் வாக்களிப்பதற்கு முந்தைய நாள் உங்களில் அறுவரைக் கொண்டு இதைச் செய்து பார்க்க விரும்புகிறேன். அந்த அறுவரையும் குலுக்கல் முறையிலேயே தேர்ந்தெடுப்போம்.