குதிச்சவன் மேல மட்டும் பழியைப் போடலாமா?

மக்களே, பதிவு எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறது வழக்கமா நான் சொல்ற சால்ஜாப்பு. இந்தத் தடவை காரணம் வேற. என் ரூம்மேட் பனிச்சறுக்கு விளையாடப் போன இடத்துல முதுகெலும்பை உடைச்சுக்கிட்டான். மூணு மாசம் இடுப்பைச் சுத்தி பிரேஸ் போட்டுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். சமையல், பாத்திரம், துணி எல்லாம் என் டிபார்ட்மெண்ட் ஆயிடுச்சு. பையனுக்கு கால் விரல் எல்லாம் நல்லா அசையுது, அதுவரைக்கும் சாமி புண்ணியம்.

நடந்தது இதுதான். கொலராடோ மலையில ஒரு ரிசார்ட். பேர் வேண்டாம். நம்மாளு கோயமுத்தூர்க்காரன், இங்க வந்து மூணு குளிர்காலமா ஸ்கீ கத்துக்கிட்டவன், என்னை விட நல்லாவே ஓட்டுவான். அங்க டெரைன் பார்க்னு ஒரு பகுதி இருக்கும். பனியைக் குவிச்சு, மேடை மேடையா கட்டி, குதிக்கறதுக்குன்னே வச்சிருப்பாங்க. அதுல 'மீடியம்'னு போர்டு போட்ட மேடையில முதல் தடவை குதிச்சான். சரியா தாண்டாம மேடை மேலயே விழுந்தான். அடி ஒண்ணும் இல்லை. கீழ நின்னு வீடியோ எடுத்துக்கிட்டிருந்த நான் ஒரு அட்வைஸ் குடுத்தேன்: "மச்சி, வேகம் பத்தலை. இன்னும் கொஞ்சம் மேல இருந்து வா." வந்தான். இந்தத் தடவை இறங்குற சரிவையே தாண்டிப் போய் சமதளத்துல 'தொப்'னு விழுந்தான். எல்1 எலும்பு அமுங்கிடுச்சு.

ஆஸ்பத்திரிக்கு வந்த நண்பர்கள் எல்லாரும் சொன்னது ஒரே டயலாக்: "உன் லெவல் தெரிஞ்சு குதிச்சிருக்கணும்." நானும் தலையாட்டினேன். மேல இருந்து வரச்சொன்னது நான்தாங்கறதை மட்டும் யார்கிட்டயும் சொல்லலை. அந்த உறுத்தல்ல ராத்திரி தூக்கம் வராம உக்காந்து கணக்குப் போட ஆரம்பிச்சேன். எஞ்சினியரிங் படிச்சு வாங்கின டிகிரிக்கு இதுவரைக்கும் இவ்வளவு உருப்படியான வேலை வந்ததே இல்லை.

மேடையோட அமைப்பை முதல்ல சொல்லிடறேன். இதுக்கு டேபிள்டாப்னு பேரு. முதல்ல மேல்நோக்கி எழும்புற சரிவு, அதோட நுனியில இருந்து பறக்கணும். அப்புறம் மேசை மாதிரி தட்டையான பகுதி. அது முடிஞ்சதும் கீழ்நோக்கி இறங்குற சரிவு, அதுலதான் விழணும். அதுக்கப்புறம் சமதளம். மேசையில விழுந்தா குட்டை, சமதளத்துல விழுந்தா நெட்டை. நடுவுல இருக்கற சரிவு மட்டும்தான் நல்ல இடம்.

ஏன் சரிவுல விழணும்? அடியோட பலம் நாம எவ்வளவு வேகமா வர்றோம்ங்கறதுல மட்டும் இல்லை, தரையை எந்தக் கோணத்துல சந்திக்கறோம்ங்கறதுலயும் இருக்கு. நாம விழுற திசையும் தரையோட சரிவும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா, வழுக்கிக்கிட்டே போயிடலாம். தரைக்கு செங்குத்தா இருக்கற வேகம் மட்டும்தான் உடம்பைத் தாக்கும். அந்த வேகத்தை "எத்தனை மீட்டர் உயரத்துல இருந்து நேரா தரையில குதிச்சதுக்கு சமம்"னு மாத்திச் சொல்லலாம். சம வீழ்ச்சி உயரம்னு வச்சுக்குவோம்.

இப்ப கணக்கு. இது அந்த ரிசார்ட்டோட மேடை இல்லை, நானா கற்பனை பண்ணின ஒரு மேடை. பறக்கற கோணம் 20 டிகிரி, மேசை 10 மீட்டர், இறங்குற சரிவும் 20 டிகிரி, நீளம் 12 மீட்டர். அப்புறம் சமதளம். காற்றுத் தடையை விட்டுட்டேன்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்துல நுனியைத் தாண்டினா, சரிவுல அழகா விழறோம். சம வீழ்ச்சி உயரம் சுமார் 0.9 மீட்டர். சாப்பாட்டு மேசை மேல இருந்து குதிக்கற மாதிரி. பரவாயில்லை.

மணிக்கு 58 கி.மீ. வேகத்துல தாண்டினா? சரிவைத் தாண்டிப் போய் சமதளத்துல விழறோம். சம வீழ்ச்சி உயரம் 5.6 மீட்டர்! ரெண்டு மாடி வீட்டு மொட்டை மாடியில இருந்து குதிக்கறதுக்கு சமம். வேகம் கூடினது வெறும் 8 கி.மீ., அடி கூடினது ஆறு மடங்கு.

அந்த 8 கி.மீ. எங்க இருந்து வருது? சரிவுல பத்துப் பதினஞ்சு மீட்டர் மேல இருந்து கிளம்பினா போதும். இல்லைன்னா மதியம் பொதபொதன்னு இருந்த பனி மறுநாள் காலைல இறுகி வழுக்கினாலும் போதும். "இன்னும் கொஞ்சம் மேல இருந்து வா"ன்னு நான் சொன்னேனே, அந்தக் 'கொஞ்சம்'தான் இது. அந்த நம்பர் திரையில வந்தப்ப கை நடுங்கிடுச்சுங்க.

சரி, என் தப்பை ஒத்துக்கிட்டேன். இப்ப மேடை கட்டினவங்க பக்கம் வருவோம்.

ஸ்கீ தொழில் தரப்புல ரொம்ப காலமா சொல்லி வந்த வாதம் ஒண்ணு உண்டு. "வர்றவங்க ஆளுக்கு ஆள் வித்தியாசம். எடை வேற, திறமை வேற, வேகம் வேற, பனியும் தினம் ஒரு மாதிரி. அதனால இந்த மேடைகளுக்குப் பொதுவான எஞ்சினியரிங் தரம் வைக்க முடியாது." பார்க் வாசல்ல ஒரு அறிவுரையும் உண்டு, அஞ்சு பாயிண்ட்: சின்னதுல ஆரம்பி, திட்டம் போடு, இறங்கறதுக்கு முன்னாடி பாரு, மத்தவங்களை மதி, நிதானமா போ. நல்ல அறிவுரைதான், குறை சொல்லலை. ஆனா அஞ்சும் குதிக்கறவனுக்கு. கட்டறவனுக்கு அந்தப் போர்டுல ஒரு வரி கூட இல்லை.

நம்ம பொழப்புல இதைத்தான் 'யூசர் எர்ரர்'னு சொல்லி டிக்கெட்டை மூடறது. பிறந்த தேதி கேட்கற பெட்டியில ஒருத்தர் 32னு அடிச்சதும் சிஸ்டம் படுத்துடுச்சுன்னு வைங்க. "ஆளுக்கு ஆள் வித்தியாசமா டைப் பண்றாங்க, அதனால கோட் எழுத முடியாது"ன்னு மேனேஜர்கிட்ட சொல்லிப் பாருங்க, தெரியும் சேதி. ஆட்கள் வித்தியாசமா இருக்கறதுதான் டிசைனுக்கே முதல் இன்புட். படிக்கட்டைப் பாருங்க. பாட்டி ஏறுது, பேரன் ஓடுறான், கொரியர்காரர் சுமையோட ஏறுறார். அதனால படிக்கு அளவே வேண்டாம்னு எந்தக் கொத்தனாரும் சொல்றதில்லை.

அதுலயும் எடைங்கற வாதம் பெருமளவு அடிபட்டுப் போகுது. மேல இருக்கற கணக்குல எடையே வரலை பாருங்க. வேகமும் கோணமும்தான். காற்றுத் தடையைச் சேர்த்தா எடையால கொஞ்சம் வித்தியாசம் வரும், அவ்வளவுதான். மிச்சம் இருக்கற பெரிய வித்தியாசம் வேகம். அதையும் மேடையோட வடிவத்தாலயே சமாளிக்கலாம்னு கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்ட் ஹப்பார்ட் 2009ல கட்டுரை எழுதிட்டார். கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ்ல இருந்த இயற்பியலாளர் ஜேம்ஸ் மெக்நீலும் இதுல நிறைய வேலை பண்ணியிருக்கார்.

ஐடியா ரொம்ப சிம்பிள். இறங்குற சரிவை நேர்கோடா வைக்காதே. தூரம் போகப்போக செங்குத்து கூடுற மாதிரி வளைச்சு விடு. வேகமா வந்தவன் தூரமா விழுவான், அங்க அவன் விழுற கோணமும் செங்குத்தா இருக்கும், தரையும் அதுக்கேத்த மாதிரி செங்குத்தா இருக்கும். மெதுவா வந்தவன் கிட்டக்க விழுவான், அங்க தரை கொஞ்சமா சரிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கும் சம வீழ்ச்சி உயரம் ஒண்ணுதான். சரிவை நேராவே வச்சுக்கிட்டு நீளத்தை மட்டும் கூட்டினா என்ன ஆகும்னும் போட்டுப் பார்த்தேன். 58 கி.மீ. ஆளுக்கு 5.6 மீட்டர் 2.2 ஆகக் குறையுது. நல்லதுதான், ஆனா பத்தாது. இந்த ஆராய்ச்சியாளர்கள் உச்ச வரம்பா வைக்கறது 1.5 மீட்டர். அமெரிக்கத் தொழிற்சாலைகள்ல 4 அடி உயரத்துல ஒருத்தர் நின்னு வேலை பார்த்தாலே விழாம இருக்கத் தடுப்பு வேணும்னு விதி இருக்குங்கறதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

இதெல்லாம் பேப்பர்ல மட்டும்னு நினைக்காதீங்க. இத்தாலியில நெஜப் பனியில இப்படி ஒரு மேடை கட்டி, ஆளைக் குதிக்கவிட்டு, அளந்து பார்த்து 2017ல கட்டுரை போட்டாங்க. 2018ல இதுக்கான டிசைன் ப்ரோக்ராமை பைத்தான்ல எழுதி ஓப்பன் சோர்ஸா வெளியிட்டாங்க. கோணம், ஓடி வர்ற தூரம், வேண்டிய வீழ்ச்சி உயரம் குடுத்தா வளைவைக் குடுத்துடும். லைசென்ஸ் காசு கூட கிடையாது சாமி!

இன்னும் பழைய சாட்சி ஒண்ணு இருக்கு. டிவியில ஒலிம்பிக் ஸ்கீ ஜம்பிங் பார்த்திருப்பீங்க. அதோட பெரியண்ணன் ஸ்கீ ஃப்ளையிங். 2025ல ஸ்லோவேனியாவோட டோமன் பிரெவ்ட்ஸ் பிளானிட்சாவுல 254.5 மீட்டர் பறந்து, ரெண்டு கால்ல இறங்கினார். கால் கிலோமீட்டர்! அவங்க பயிற்சி வேற, காத்துல மிதக்கற வித்தை வேற, ஒத்துக்கறேன். ஆனா அங்க இறங்குற சரிவு பறக்கற பாதையை ஒட்டியே வடிவமைச்சது. குதிக்கற நுனி மேல்நோக்கி இருக்காது, கீழ்நோக்கித்தான் சாய்ஞ்சிருக்கும். முக்கியமா, காத்தையும் பனியையும் பார்த்து, இன்னைக்கு எந்தப் படியில இருந்து கிளம்பணும்னு நடுவர்கள் முடிவு பண்ணுவாங்க. உலக சாம்பியனுக்கே "இன்னும் கொஞ்சம் மேல இருந்து வா"ன்னு சொல்ற உரிமை பக்கத்துல நிக்கற ஃப்ரெண்டுக்கு இல்லை. வார லீவுக்கு வர்ற சாஃப்ட்வேர் ஆளுக்கு மட்டும் எங்க இருந்து வேணா கிளம்பலாம்ங்கற சுதந்திரம்.

நுனியைப் பத்தியும் ஒரு வார்த்தை. பறக்கறதுக்கு முன்னாடி நுனி வரைக்கும் கிண்ணம் மாதிரி வளைஞ்சிருந்தா, அது ஆளைப் பின்பக்கமா சுழட்டி விட்டுடும். நாம நினைக்காமலே தலைகீழா ஆயிடுவோம். அப்புறம் தலையோ கழுத்தோ முதல்ல தரையில படும், எந்த வீழ்ச்சி உயரக் கணக்கும் காப்பாத்தாது. மருந்து சின்னதுதான்: நுனிக்கு முன்னாடி கடைசிக் கொஞ்ச தூரம் நேரா இருக்கணும்.

கோர்ட்டும் இதைப் பார்த்திருக்கு. 2004ல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு டேபிள்டாப்ல குதிச்ச இளைஞர் இறங்குற சரிவைத் தாண்டி விழுந்து கை கால் செயலிழந்து போனார். 2007ல ஜூரி அவருக்கு 1.4 கோடி டாலர் குடுக்கச் சொல்லுச்சு. பழியில ஒரு பங்கை அவர் மேலயும் போட்டுட்டு, மிச்சத்துக்குத்தான் இந்தத் தொகை. எனக்கு இந்தத் தீர்ப்புல பிடிச்சதே அந்தப் பங்கு பிரிச்ச விதம்தான். குதிச்சவனும் பொறுப்பு, கட்டினவனும் பொறுப்பு.

எதிர்வாதத்தையும் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. பனி கான்கிரீட் இல்லை, காலைல கட்டின வளைவு சாயங்காலம் இருக்காது. உண்மை. அதனாலதான் தினம் அளந்து சரி பண்ணணும்ங்கறேன். பனி அதிகம் வேணும், நல்ல சரிவான இடம் வேணும், செலவு ஆகும். அதுவும் உண்மை. இடம் இல்லைன்னா மேடையைச் சின்னதாக் கட்டலாமே. பாதுகாப்பா கட்டினா பசங்க இன்னும் துணிஞ்சு ஆட்டம் போடுவாங்கன்னும் சொல்வாங்க. போடலாம். ஆனா பயப்படறதுக்காக முதுகெலும்பை உடைக்கற மேடையை விட்டு வைக்கணும்ங்கறது எனக்கு ஜீரணிக்கலை. சாகசமே வேண்டாம்னு நான் சொல்லலை. பறக்கற சுகம் நுனியிலயும் காத்துலயும் இருக்கு. இறங்கறப்ப எலும்பு உடையறதுல எந்த சாகசமும் இல்லை.

போன ஞாயித்துக்கிழமை ரசம் சாதத்தோட லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போய் பையன்கிட்ட எல்லாத்தையும் காட்டினேன். மேல இருந்து வரச்சொன்னது என் தப்புன்னு சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவன் ரொம்ப நேரம் அந்த 5.6ஐயே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "உனக்கு ஒரு ராத்திரியில தெரிஞ்ச கணக்கு, அந்த மேடையைக் கட்டினவங்களுக்குத் தெரியாதாடா?"

பதில் தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்களே.

டிஸ்கி 1: இதைப் படிச்சுட்டு நீங்களே கணக்குப் போட்டு மேடை கட்டி குதிச்சுப் பார்க்காதீங்க. கட்டறது அவங்க வேலை.

டிஸ்கி 2: ரசம் எப்படி இருந்துச்சுன்னு கேட்கறவங்களுக்கு: முதுகெலும்பே பரவாயில்லைன்னான் :-)