சேர்கிட்ட எப்படிச் சொல்றது?

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூணு நாள் இருக்கும். 1500 மீற்றர் ஓடுற பிள்ளை பயிற்சிக்கு வரல்ல. கேட்டா, "காய்ச்சல் சேர்" என்று தோழி சொல்லுவாள். காய்ச்சல் இல்லைன்னு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். சேர் மட்டும் 'ஒழுங்கா வர்றதில்ல' என்று முடிவு கட்டிவிடுவார். றொசல்லப் பக்கம் தோட்டப் பாடசாலையில ஓடின பெண்களுக்கு இது பழைய கதை.

2016 றியோ ஒலிம்பிக்கில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய் கமெரா முன்னாலேயே இதைச் சொன்னார். அஞ்சல் நீச்சலில் அவருடைய அணிக்கு நாலாமிடம். நேற்றுத்தான் மாதவிடாய் வந்தது, களைப்பா இருக்கு, ஆனா அதைச் சாட்டாகச் சொல்லல்ல என்றார். உலகமே திரும்பிப் பார்த்தது.

அந்த நாட்களில் ஓடவே கூடாது என்கிற அம்மாயி பேச்சை நான் ஏற்கல்ல. போன் செயலியைப் பார்த்து 'இந்த வாரம் கடும் பயிற்சி, அடுத்த வாரம் ஓய்வு' என்று எல்லாருக்கும் ஒரே அட்டவணை போடுறதும் சரியில்ல. 2020ல் 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் சில நாட்களில் திறன் குறைந்தாலும் சராசரியில் அது மிகச் சிறிய அளவுதான். ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்திக்கு ஒண்ணுமே இருக்காது, இன்னொருத்தி சுருண்டு படுத்திருப்பாள். அதனால ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கொப்பி வைத்து வந்த நாள், வலி, தூக்கம், அன்றைய ஓட்டம் எல்லாம் குறிக்கட்டும். நாலு மாசத்தில் தன் உடம்பு தனக்கே விளங்கும்.

எனக்குப் பெரிய பயம் வேற. மாசக்கணக்கா வராமலே இருந்தா 'நல்லதாப் போச்சு' என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வெறும் தேத்தண்ணியோட காலையில மேடேறி ஓடினா, செலவாகிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாது. உடம்பு மாதவிடாயை நிறுத்திவிடும். ஈஸ்ட்ரஜன் குறைந்து எலும்பு பலவீனமாகும், வெடிப்பும் வரலாம். மூணு மாசம் வராட்டி டொக்டரிடம் போகணும். அதிகமாகப் போகிறவளுக்கு இரும்புச்சத்துக் குறையும். சாப்பாட்டோட குடிக்கிற தேத்தண்ணி அதை உடம்பில் சேரவும் விடாது. (நாம பறிக்கிற கொழுந்துதான்!)

விம்பிள்டனே 2023ல் வெள்ளை உடுப்பு விதியைத் தளர்த்தி, பெண்கள் உள்ளே கடும் நிறக் காற்சட்டை போட விட்டது. நம்ம பிள்ளைகளுக்கும் கறுப்புக் காற்சட்டை கொடுக்கலாமே, கூடுதல் செலவா? மைதானத்துக்குப் பக்கத்தில் தண்ணி வசதியோட ஒரு கழிப்பறைக்குத்தான் காசு வேணும். அதோட பயிற்சி நேரத்தில் ஒரு டீச்சரும் நிக்கட்டும், கொப்பியைக் காட்ட.